சிறு விமானத்தில் மலைப் பயணம்: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு



நமது இதழில் வழக்கமாக வரி, எடை அளவு முத்திரை, சரக்கு வரத்து, கடன் வசூல் என்று தொழில் சார்ந்த செய்திகளையே எழுதி வருகிறோம். இம்முறை ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறோம். காரணம் உண்டு. நம் உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் சிறு விமானம் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கி விடுகிறார்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் போனால், "வாங்க, மலைக்கு விமானத்திலேயே கூட்டிப் போறேன்" என்று ஆசையோடு அழைக்கிறார்கள்.

அழைப்பை மறுக்கச் சொல்லி நாம் இதை எழுதவில்லை. ஏறி உட்காருமுன் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். சரக்கின் எடை, வண்டியின் தாங்கும் சக்தி, கையிருப்பு, கெடு ஆகிய நான்கையும் நாள்தோறும் பார்க்கும் நமக்கு அந்தக் கணக்கு எளிதில் விளங்கும். சென்ற முறை டென்வர் நகரில் நமது மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மருமகனின் நண்பரான ஒரு தம்பி இப்படி அழைத்தார். அவரிடம் கேட்டும், அவர் கொடுத்தவற்றைப் படித்தும் அறிந்ததை இங்கே தருகிறோம்.

எந்த ஊர், எந்த விமானம்?

கொலராடோ மாநிலத்தின் தலைநகரம் டென்வர். கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி, அதாவது சரியாக ஒரு மைல் உயரம். அதற்கு மேற்கே ராக்கி மலைத்தொடர். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் 50க்கும் அதிகம். அவற்றுள் உயர்ந்தது 14,440 அடி கொண்ட எல்பர்ட் சிகரம். அதன் அருகே லெட்வில் என்ற சிற்றூர் உள்ளது. அவ்வூர் விமான நிலையம் 9,900 அடிக்கு மேல் அமைந்தது. வட அமெரிக்காவின் பொது விமான நிலையங்களில் இதுவே மிக உயரமானது. நமது தொட்டபெட்டா உச்சியே 8,650 அடிதான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உயரம் விளங்கும்.

நம் போன்றவர்கள் லெட்வில்லைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. ஹோரஸ் டேபர் என்ற கடைக்காரர் அங்கே மளிகையும் சாமான்களும் விற்று வந்தார். 1878இல் இரண்டு பேருக்குச் சுரங்கம் தோண்டச் சாமான் கொடுத்து, கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசிக்கொண்டார். அவர்களுக்கு வெள்ளி கிடைத்தது. டேபர் பெருஞ்செல்வர் ஆனார். 1879இல் அவர் கட்டிய நாடக அரங்கு இன்றும் அவ்வூரில் நிற்கிறது. வெள்ளி ஒன்றையே நம்பி மேலும் மேலும் முதலீடு செய்தவர், 1893இல் வெள்ளி விலை சரிந்தபோது எல்லாவற்றையும் இழந்தார்.

இனி விமானம். பிள்ளைகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பது செஸ்னா 172 என்ற ஒற்றை இயந்திர விமானம். 1956 முதல் விற்பனையில் உள்ளது; இதுவரை 40,000க்கு மேல் தயாராகியுள்ளது. நல்ல பெயர் எடுத்த வண்டி. நான்கு இருக்கைகள். மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகம். ஆனால் நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

காற்று மெலிந்தால் சக்தி குறையும்

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. இயந்திரத்துக்கு வேண்டிய காற்று குறைகிறது. இறக்கையைத் தாங்கும் காற்றும் குறைகிறது. சாதாரண இயந்திரம் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வீதம் சக்தி இழக்கும். 10,000 அடியில் அதன் சக்தி பத்தில் ஏழு பங்குதான்.

இதோடு வெயிலும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். சூடான காற்று இன்னும் மெலிந்தது. விமானிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி என்று வைத்து, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி கழித்து வருவது அந்த உயரத்துக்கு உரிய வெப்பம். அதைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். லெட்வில்லுக்கு உரிய வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி. கோடைப் பகலில் அங்கே 20 டிகிரி இருந்தால், கூடுதல் 25 டிகிரி. 25ஐ 120ஆல் பெருக்கினால் 3,000 அடி. ஆக, தரையில் நிற்கும் விமானத்துக்கு அது சுமார் 12,900 அடியில் பறப்பதற்குச் சமம்.

இப்போது விற்பனையாகும் செஸ்னா 172 முழுச் சுமையோடு, நல்ல முறையில் ஏறக்கூடிய உச்ச உயரம் 14,000 அடி. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும் அதே விமானம், அந்த 14,000 அடியில் நிமிடத்துக்கு 100 அடிதான் ஏறும். அப்படியானால் லெட்வில்லில் தரையை விட்டு எழும்போதே அது தன் சக்தியின் விளிம்பில் நிற்கிறது. எழும்பிய பிறகு எதிரே மலையும் நிற்கிறது!

எடைக் கணக்கு

மேற்சொன்ன விமானம் எல்லாம் சேர்த்து 1,156 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். வெறும் வண்டியின் எடை சுமார் 766 கிலோ. மீதி 390 கிலோ. டேங்க் நிறைய 200 லிட்டர் பெட்ரோல் போட்டால் அதுவே 144 கிலோ. மிஞ்சுவது 246 கிலோ. ஆளுக்கு 75 கிலோ வீதம் மூன்று பேர், ஒரு பெட்டி, அவ்வளவுதான். சமதளத்திலேயே நாலாவது ஆளுக்கு இடமில்லை.

மலை ஊர்களில் பறக்கக் கற்றுத் தருபவர்கள் இன்னும் கடுமை காட்டுகிறார்கள். சட்டம் அனுமதிக்கும் எடையில் நூற்றுக்கு 90க்கு மேல் ஏற்றாதே என்பது அவர்கள் சொல்லும் விதி. அப்படிப் பார்த்தால் மொத்தம் 1,040 கிலோ. வண்டி எடை போக மீதி 274 கிலோ. இருவர் 150 கிலோ, பெட்ரோல் 100 கிலோ, சாமான் 24 கிலோ. கணக்கு முடிந்தது. நாலு சீட்டு விமானம் மலைக்குப் போகும்போது ரெண்டு சீட்டு விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடையை யாரும் வாயால் சொல்லக் கூடாது. தராசில் நின்று காட்ட வேண்டும். அந்தத் தம்பி வீட்டுக்கு ஒரு தராசைக் கொண்டுவந்து, "மாமா, கோபிச்சுக்காம ஏறுங்க, சட்டை செருப்போடவே ஏறுங்க" என்றார். நமது துணைவியார் கட்டி வைத்திருந்த முறுக்கு டின்னையும் ஊறுகாய் ஜாடியையும் தனியே நிறுத்தார். மொத்தக் கடையில் அரைக் கிலோ வித்தியாசத்தை விடாத நமக்கு அந்தப் பிள்ளையின் கறார் பிடித்திருந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே தராசும் விமானத்தின் கையேடும் பவுண்டில் இருக்கும். ஒரு கிலோ 2.2 பவுண்டு. 1983இல் கனடாவில் ஒரு பெரிய பயணிகள் விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டிய இடத்தில், அலகு மாறிப் போனதால் 22,300 பவுண்டு என்ற கணக்கில், பாதிக்கும் குறைவாகவே நிரப்பி அனுப்பினார்கள். நடுவானில் எரிபொருள் தீர்ந்தது. விமானியின் திறமையால் உயிர்ச் சேதம் இல்லாமல் ஒரு பழைய ஓடுதளத்தில் இறங்கியது. அளவு மாறினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். தட்டு வண்டியில் பின்பக்கம் மூட்டையை அடுக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் அல்லவா? அதே கதைதான். பின்பக்கச் சாமான் அறைக்கு 54 கிலோ என்று வரம்பு உண்டு. எல்லாவற்றையும்விட நல்ல வழி, பெட்டிகளைக் காரில் அனுப்பி விடுவது. டென்வரிலிருந்து லெட்வில் சாலை வழியே சுமார் 100 மைல், இரண்டு மணி நேரம். வீட்டார் ஒருவர் காரில் சாமானோடு போய்ச் சேரலாம்.

நேரமும் காற்றும்

கோடையில் ராக்கி மலை மீது பகல் ஏற ஏற மேகம் திரண்டு, பிற்பகலில் இடி மழை வருவது வழக்கம். எனவே விடிந்ததும் புறப்பட்டு, நண்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். காலையில் காற்றும் குளிர்ந்திருக்கும். விமானம் நன்றாக ஏறும்.

மலை உச்சியில் காற்றின் வேகம் மணிக்கு 46 கிலோமீட்டருக்கு மேல் என்று வானிலை அறிக்கை சொன்னால், சிறு விமானம் கிளம்பக் கூடாது என்பது அனுபவஸ்தர்கள் விதி. காற்று மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் அருவி போல இறங்குகிறது. அந்த இறங்கு காற்று நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மேலும் விமானத்தை அமுக்கக் கூடும். நிமிடத்துக்கு இருநூறு முந்நூறு அடி ஏறும் வண்டி அதை எப்படி எதிர்க்கும்? ஆகவே உச்சியைக் கடக்கும்போது குறைந்தது 1,000 அடி மேலே போக வேண்டும். காற்று இருந்தால் 2,000 அடி. நேரே முட்டுவது போலப் போகாமல், சாய்வாக 45 டிகிரியில் நெருங்க வேண்டும். காற்று அமுக்கினால் சிறு திருப்பத்தில் விலகி வந்துவிடலாம்.

சுற்றினாலும் தாழ்ந்த வழி

டென்வரிலிருந்து லெட்வில்லுக்கு நேர் கோடு போட்டால் உயர்ந்த சிகரங்கள் குறுக்கே நிற்கும். தம்பி காட்டிய வழி வேறு. தென்மேற்கே சுமார் 10,000 அடி உயரமுள்ள கெனோஷா கணவாயைக் கடந்து, சவுத் பார்க் என்ற அகன்ற சமவெளியில் இறங்க வேண்டும். பிறகு இன்னும் தாழ்ந்த டிரவுட் கிரீக் கணவாய் வழியாகப் பியூனா விஸ்டா என்ற ஊர் மேல் போய், ஆர்க்கன்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்து வடக்கே ஏற வேண்டும். தூரம் கூடும், பெட்ரோலும் கூடும். ஆனால் கீழே எப்போதும் சாலையும் வெளியும் இருக்கும். திரும்புவதற்கு இடமும் இருக்கும்.

பள்ளத்தாக்கில் நடுவே போகக் கூடாது. ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனால்தான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். பள்ளத்தாக்கின் தரை விமானம் ஏறுவதைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் மேலேயும் ஏற முடியாது, பக்கவாட்டிலும் திரும்ப முடியாது. முட்டுச் சந்தில் லாரியை விட்டவன் கதைதான்; லாரிக்குப் பின்னால் போகும் கியர் உண்டு, விமானத்துக்கு அது கிடையாது.

மூன்று விபத்துகள் சொல்வது என்ன?

1970 அக்டோபர் 2ஆம் தேதி விச்சிட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அணி இரண்டு விமானங்களில் டென்வரிலிருந்து புறப்பட்டது. ஒன்று வழக்கமான பாதையில் போய்ப் பத்திரமாகச் சேர்ந்தது. மற்றொன்று, இயற்கைக் காட்சியைக் காட்டலாம் என்று மலைப் பள்ளத்தாக்கு வழியே போனது. பள்ளத்தாக்கின் கோடியில் ஏறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் மோதியது. 31 பேர் இறந்தார்கள். அது 40 பேர் போகும் பெரிய விமானம். விசாரணையில் குறிப்பிடப்பட்டவை: அளவுக்கு மீறிய எடை, அந்த வழிக்குத் திட்டம் ஏதும் போடாதது.

1996 ஏப்ரல் 11ஆம் தேதி, கொலராடோவுக்கு வடக்கே உள்ள வயோமிங் மாநிலத்தின் ஷயான் நகரில் இன்னொன்று. ஒரு 7 வயதுச் சிறுமி நாட்டைக் குறுக்கே பறந்து சாதனை செய்யப் போகிறாள் என்று பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாம் செய்தி. 6,000 அடிக்கு மேல் உள்ள அந்த நிலையத்தில் இடி மழை வந்துகொண்டிருக்கும்போதே கிளம்பினார்கள். விமானத்தில் 96 பவுண்டு, அதாவது சுமார் 43 கிலோ அதிகம். எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து, சிறுமியும் தந்தையும் பயிற்சியாளரும் இறந்தார்கள். சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும் என்ற கெடுவும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது. 43 கிலோ என்பது ஒரு அரிசி மூட்டைக்கும் குறைவு. மயிலிறகு வண்டியைப் பற்றி வள்ளுவர் சொன்னது வாசகர்களுக்கு நினைவு வரும்.

மூன்றாவது, 2007 செப்டம்பர் 3ஆம் தேதி. ஸ்டீவ் ஃபாசெட் 2002இல் பலூனில் தனியாக உலகைச் சுற்றியவர். 2005இல் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் விமானத்தில் தனியாக உலகைச் சுற்றியவர். அவர் ஒரு சிறு விமானத்தில் தனியே உல்லாசமாகப் பறக்கப் போய், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் காணாமல் போனார். மறு ஆண்டுதான் சிதைவுகள் கிடைத்தன. மலையின் இறங்கு காற்று விமானத்தின் ஏறும் சக்தியை மிஞ்சியதே காரணம் என்று முடிவானது. திறமை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செலவும் காகிதமும்

அங்குள்ள சட்டப்படி தனியார் உரிமம் மட்டும் உள்ளவர் பயணிகளிடம் கூலி வாங்கக் கூடாது. பெட்ரோல், வாடகை முதலிய செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுபவர் தம் சம பங்குக்குக் குறையாமல் தர வேண்டும். "நம்ம பிள்ளைதானே" என்று முழுச் செலவையும் நாம் கொடுத்துவிட்டால், அவர் உரிமத்துக்கே சிக்கல் வரலாம்.

வாடகை, இயந்திரம் ஓடும் மணிக்கணக்கில். வெளியூரில் இரவு நிறுத்தி வைத்தால் ஒரு நாளைக்கு இத்தனை மணி என்று குறைந்தபட்சம் வசூலிப்பவர்களும் உண்டு. மலைப் பயிற்சி பெறாதவருக்கு மலை நிலையம் போக விமானமே தராத இடங்களும் உண்டு. நாம் ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் பயணக் காப்பீடு தனியார் சிறு விமானத்துக்குச் செல்லுமா என்பதைப் பத்திரத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளையிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை இவை. கடைசி 90 நாளில் குறைந்தது 3 முறை ஏறி இறங்கி இருக்கிறாரா? அது இல்லாமல் பயணியை ஏற்றக் கூடாது. மலையில் பயிற்சியாளரோடு பறந்திருக்கிறாரா? பகலில் சேருமிடம் போக வேண்டியது தவிர, கூடுதல் 30 நிமிடப் பெட்ரோல் வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் எவ்வளவு வைத்திருக்கிறார்? பயணத் திட்டத்தைப் பதிவு செய்தாரா? பதிவு செய்தால், குறித்த நேரம் கடந்து 30 நிமிடம் ஆகியும் தகவல் இல்லையென்றால் தேடத் தொடங்குவார்கள். இறங்கியதும் மறவாமல் தகவல் சொல்வதும் அவர் கடமை.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 12,500 அடிக்கு மேல் அரை மணிக்கு அதிகமாகப் பறந்தால் விமானி பிராணவாயு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பயணிக்கு அந்த உயரத்தில் கட்டாயம் இல்லை; ஆனால் அறுபது வயது நெஞ்சுக்குச் சட்டம் தெரியாது. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் ஏறக் கூடாது. டென்வரில் இரண்டு நாளாவது தங்கி, உடம்பு பழகிய பிறகு மலைக்குப் போவது நல்லது.

உபரி நாள்

எல்லாவற்றுக்கும் மேலான ஒரு கணக்கு உண்டு. போகாமல் இருப்பதற்கான நாளும் பணமும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். வியாபாரத்தில் நாலு காசு கையிருப்பு வைக்காதவன், வந்த விலைக்குச் சரக்கைத் தள்ள வேண்டியிருக்கும். பயணத்தில் உபரி நாள் வைக்காதவன், கெட்ட காற்றிலும் கிளம்ப வேண்டியிருக்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை ஊர் விமானத்தைப் பிடிக்க வேண்டும் என்று இருபுறமும் கெடு வைத்துக்கொண்டு மலைக்குப் போகவே கூடாது. ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் மலைப் பயணத்துக்கும் இடையே குறைந்தது மூன்று நாளாவது இருக்கட்டும்.

நாம் போவதாக இருந்த சனிக்கிழமை காலை, உச்சியில் காற்று அதிகம் என்று அறிக்கை வந்தது. தம்பி உடனே தொலைபேசியில், "இன்னைக்கு வேண்டாம் மாமா, கார்லயே போயிடுவோம்" என்றார். எல்லோரும் காரில் போய், டேபரின் அரங்கைப் பார்த்து, முறுக்கையும் காலி செய்துவிட்டு மாலையில் திரும்பினோம். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் காற்று அடங்கியிருந்தபோது, அவரும் நாமும் மட்டும் விமானத்தில் போய் வந்தோம். எல்பர்ட் சிகரத்தைப் பக்கத்தில் பார்த்த காட்சி மறக்க முடியாதது. ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் சொன்ன "வேண்டாம்" என்ற சொல்லையே நாம் அதிகம் மதிக்கிறோம்.

உங்கள் பிள்ளைகள் அழைத்தால் மகிழ்ச்சியோடு போங்கள். அழைத்த பிள்ளை கிளம்பும் நாளில் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காதீர்கள், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு..." என்று ஒரு வார்த்தை பேசாதீர்கள். பெரியவர்கள் முகம் வாடும் என்றே பல பிள்ளைகள் தயங்குவார்கள். "சரி தம்பி, நாளைக்குப் பார்ப்போம்" என்று நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பயணத்தின் பாதிப் பாதுகாப்பு அங்கேயே வந்துவிடும்.